மத்திய வீதிப் பக்கத்துப் பறவைத் தீன் கடை: விதை வாங்குங்கள், போத்தல்களை விட்டுவிடுங்கள்

முதலில் முடிவைச் சொல்லிவிடுகிறேன், அவசரத்தில் இருப்பவர்கள் இதோடு போகலாம். மத்திய வீதிப் பக்கம் இருக்கும் அந்தப் பறவைத் தீன் கடையில் விதை வாங்குங்கள், நம்பி வாங்குங்கள், திருகோணமலை டவுனுக்குள் அவ்வளவு சுத்தமான தினையும் சாமையும் எனக்கு வேறு எங்கும் கிடைக்கவில்லை. ஆனால் விதையோடு சேர்த்து "இதெல்லாம் குடுத்தாத்தான் பறவை நிக்கும்" என்று மேசையில் அடுக்கிக் காட்டும் போத்தல், பொடி, தேன் குச்சி எல்லாவற்றையும் அங்கேயே விட்டுவிட்டு வாருங்கள். அந்தக் காசுக்கு மரக்கறிச் சந்தையில் ஒரு பிடி முருங்கை இலையும் ஒரு கீற்றுப் பூசணியும் வாங்கினால் உங்கள் கிளிக்கு அது எத்தனையோ மடங்கு நல்லது.

கடையின் பெயரைப் போடவில்லை. கீழே கொஞ்சம் குறையும் சொல்லப் போகிறேன், கடைக்கார நானா நல்ல மனிதர், அவருடைய பிழைப்பில் மண் போட எனக்கு விருப்பமில்லை. வாசலில் கோழித்தீன் மூட்டை, உள்ளே மீன் தொட்டிகள், இன்னும் உள்ளே போனால் கூரை வரை தொங்கும் கூடுகள், கல்லாப்பெட்டிக்குப் பின்னால் ஓயாமல் விசிலடிக்கும் ஒரு சாம்பல் நிறக் கொக்கட்டியல், தலையில் கொண்டை வைத்த சின்னக் கிளி இனம். பறவை வளர்க்கிற யாரைக் கேட்டாலும் கையைக் காட்டுவார்கள்.

எங்கள் வீட்டில் இருப்பது ஒரு சோடி பட்ஜி, ஊரில் எல்லாரும் லவ் பேர்ட்ஸ் என்று கூப்பிடுகிறார்களே, அதுதான், அதுவும் கிளி இனம்தான். அப்புறம் ஒரு கொக்கட்டியல். பட்ஜி ஒன்று 30 முதல் 40 கிராம் வரும், கொக்கட்டியல் 90 கிராம் சொச்சம். இவ்வளவு சின்ன உடம்புக்குச் சாப்பாடு போடும்போது ஒரு தேக்கரண்டி கூடுவதும் குறைவதும் சாதாரண விஷயமில்லை. நாயாக இருந்தால் ஒருநாள் சாப்பிடாவிட்டாலும் சமாளிக்கும், பட்ஜி அப்படித் தாங்காது. அதனால்தான் சாப்பாட்டு விஷயத்தில் இவ்வளவு அலட்டுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

சரி, விதைக்கு வருவோம். நானா மூன்று விதமாகக் கலந்து வைத்திருக்கிறார். பட்ஜிக்கு என்று ஒன்று: வெள்ளைத் தினை, சிவப்புத் தினை, சாமை, கனேரி விதை, கொஞ்சம் ஓட்ஸ். கொக்கட்டியலுக்கு என்று இன்னொன்று, அதே கலவையில் சூரியகாந்தி விதையும் நெல்லும் சேர்ந்தது. மூன்றாவது விலை குறைந்த கலவை, அதில் பாதி குறுணலும் தூசியும், அதைப் பற்றி மேற்கொண்டு எழுதி உங்கள் நேரத்தை வீணாக்கவில்லை. முதல் கலவை கிலோ ஆயிரம் ரூபாயை ஒட்டி வரும், டொலர் ஏறினால் அதுவும் ஏறும்.

அந்த முதல் கலவை எனக்குப் பிடித்ததற்குக் காரணம் அதை அவர் எடுத்துத் தருகிற விதம். கட்டிய பைக்கற்றைத் தூக்கித் தருவதில்லை. மூட்டையிலிருந்து கோப்பையால் அள்ளி, அரிதட்டில் போட்டு, மேசை விசிறிக்கு முன்னால் பிடித்து இரண்டு தரம் சலிப்பார், தூசியும் வெற்று உமியும் பறந்து போகும், பிறகுதான் தராசு. கையில் எடுத்துப் பார்த்தால் மணி மணியாக, வழுவழுவென்று, விரலிடுக்கில் வழுக்கிக்கொண்டு ஓடும். பழைய விதை அப்படி ஓடாது, விரலில் மாப்போல ஒட்டும், மூக்கில் வைத்தால் பழைய எண்ணெய் வாடை அடிக்கும். நூலாம்படை மாதிரி ஏதாவது விதைகளைக் கட்டியாக இழுத்துப் பிடித்திருந்தால் உள்ளே அந்துப்பூச்சி இருக்கிறது என்று அர்த்தம், பேசாமல் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

விதை உயிரோடு இருக்கிறதா என்று பார்க்க எங்கள் வீட்டு வழி ஒன்று இருக்கிறது. ஒரு தேக்கரண்டி விதையைக் கழுவி ஈரத் துணியில் முடிந்து, பயறு முளைக்கப் போடுவது போலவே வைத்துவிடுவது. நம்மூர் வெக்கைக்கு இரண்டாம் மூன்றாம் நாளே வெள்ளை முனை எட்டிப் பார்க்க வேண்டும். இந்தக் கடை விதையில் பெரும்பாலானது முளைத்தது. ஒரு சூப்பர் மார்க்கெட்டில் கண்ணைக் கவரும் படம் போட்ட பைக்கற்றில் வாங்கிய விதை, அங்கொன்றும் இங்கொன்றுமாக முளைத்து மிச்சமெல்லாம் ஊறி நாறிப்போனது. முளைக்காத விதையைப் பறவை தின்னும்தான், ஆனால் அதில் பெரிதாக ஒன்றும் மிச்சமிருக்காது. முளைத்ததைக் கழுவி அப்படியே பறவைக்கு வைக்கலாம், அதுகளுக்கு அது விருந்து. புளித்த வாடை வந்தால் மட்டும் கொட்டிவிட வேண்டும்.

கொக்கட்டியல் கலவையில் எனக்கு ஒரு மனத்தாங்கல் உண்டு. கண்ணால் பார்த்தாலே மூன்றில் ஒரு பங்கு சூரியகாந்தி. சூரியகாந்திப் பருப்பில் சரிபாதி கொழுப்பு, தினையில் நூற்றுக்கு நாலைந்துதான். நாள் முழுக்க ஒரே கம்பியில் உட்கார்ந்திருக்கிற பறவைக்கு இவ்வளவு கொழுப்பு எதற்கு? கூட்டுக்குள் அடைந்து கிடக்கும் கொக்கட்டியலும் பட்ஜியும் ஈரலில் கொழுப்புப் படிந்து நோயாவது இதனால்தான், வெளியிலிருந்து பார்க்க நல்ல புஷ்டியாகத்தான் இருக்கும். இதில் இன்னொரு சங்கடம், சூரியகாந்தி இருந்தால் பறவை அதையே பொறுக்கித் தின்றுவிட்டு மற்றதைக் கிளறிக் கீழே தள்ளும். கலவையில் பத்து வகை இருந்து என்ன, வயிற்றுக்குள் போவது ஒன்றுதானே. நானாவிடம் சொன்னேன். "உங்கட குருவி, உங்கட இஷ்டம் தம்பி" என்று சிரித்துக்கொண்டே சூரியகாந்தி இல்லாமல் கலந்து தந்தார். கேட்டால் தருவார், கேட்க வேண்டும், அவ்வளவுதான். சூரியகாந்தியைத் தனியாகக் கொஞ்சம் வாங்கி வைத்துக்கொண்டு, கையில் வந்து உட்காரப் பழக்கும்போது ஒன்றிரண்டு கொடுத்தால் அதற்கும் மரியாதை, நமக்கும் வேலை நடக்கும்.

இந்தக் கலவையோடு நான் வீட்டில் சேர்ப்பது குரக்கன். 100 கிராம் குரக்கனில் கிட்டத்தட்ட 340 மில்லிகிராம் கல்சியம் இருக்கிறது, அதே அளவு அரிசியில் பத்தைத் தாண்டினாலே பெரிய விஷயம். நாங்கள் பிட்டு அவிக்க வைத்திருக்கும் அதே குரக்கன்தான், மா அரைக்காத முழுத் தானியம். எல்லாக் கல்சியமும் பறவையின் உடம்பில் சேர்ந்துவிடாது, ஆனாலும் மற்றத் தினை வகைகளை விட எவ்வளவோ மேல்.

பறவை வளர்க்கத் தொடங்குகிறவர்களுக்கு நானா ஒரு விஷயம் கட்டாயம் சொல்லி அனுப்புவார், அதற்காகவே அவருக்கு நான் மதிப்புக் கொடுக்கிறேன். கிளி விதையை முழுதாக விழுங்காது, அலகால் உடைத்து உள்ளே இருப்பதை எடுத்துக்கொண்டு தோலை அதே கிண்ணத்தில் போடும். மேலே பார்த்தால் கிண்ணம் நிறைந்திருக்கும், உள்ளே வெறும் உமி. "நிறையத்தானே கிடக்கு" என்று நினைத்துக்கொண்டு வீட்டுக்காரர் ஊருக்குப் போய்விட, குருவி பட்டினியில் கிடந்த கதைகள் அவரிடம் நிறைய. காலையில் கிண்ணத்தை வாயால் ஊதிப் பார்த்துவிட்டு நிரப்பச் சொல்வார்.

ஆனால் விதையோடு மட்டும் நிற்க முடியாது. பட்ஜியும் கொக்கட்டியலும் அவுஸ்திரேலியாவின் வறண்ட உள்நாட்டுப் பறவைகள், புல்விதை தின்கிறவை, அது சரிதான். பட்ஜியை 1840 இல் ஜோன் கூல்ட் இங்கிலாந்துக்கு உயிரோடு கொண்டுபோனதிலிருந்து எல்லாரும் பிடித்துக்கொண்டது இந்த விதைக் கதையைத்தான். அங்கே அது தின்பது பச்சையாக, பால் பிடிக்கிற பருவத்திலிருந்து முற்றுகிறது வரை பலவிதப் புல், அதுவும் தண்ணீரைத் தேடி மைல் கணக்கில் பறந்து திரிந்துகொண்டு. நம் வீட்டில் இரண்டடிக் கூட்டில் இருந்துகொண்டு மாதக்கணக்காகக் காய்ந்த ஒரே தினையைத் தின்பது அதே சாப்பாடு ஆகாது. காய்ந்த விதையில் விற்றமின் ஏ இல்லாத குறைதான், கல்சியம் கொஞ்சம், பொஸ்பரஸ் அளவுக்கு மேல். விற்றமின் ஏ குறைந்தால் வாயும் மூக்கும் மூச்சுக்குழாயும் பழுதாகும், சளி பிடித்தது போல மூக்கு ஒழுகும். கல்சியம் குறைந்தால் பெட்டைப் பறவை முட்டை இட முடியாமல் முக்கிக்கொண்டு கூட்டின் அடியில் உட்கார்ந்துவிடும், அந்த நிலையில் மணித்தியாலக் கணக்கில் உயிர் போகும். பட்ஜிக்கு இன்னொன்றும் உண்டு, அயடின் குறைந்தால் கழுத்துக்குள் தைரொயிட் வீங்கி மூச்சு விடும்போது கிறீச்சென்று சத்தம் வரும். விதை மட்டும் தின்கிற பட்ஜிகளில் இது தெரிந்த நோய்.

இதற்கெல்லாம் ஒரே மருந்து பெலட் என்று இணையத்தில் சொல்வார்கள். தானியம், பயறு வகை, விற்றமின், கனியுப்பு எல்லாவற்றையும் அரைத்து அவித்து உருட்டியது, பறவை பொறுக்கித் தின்ன வழியில்லை, எதை எடுத்தாலும் ஒரே சத்து. நல்ல பொருள்தான், மறுக்கவில்லை. கடையில் வெளிநாட்டுப் பெலட் கிடைக்கிறது. என் குறை அங்கேதான். பெரிய மூட்டையை உடைத்து, கால் கிலோ கால் கிலோவாகத் தெளிந்த பொலித்தீன் பைகளில் கட்டித் தொங்கவிட்டிருக்கிறார்கள், பெயரும் இல்லை, காலாவதித் திகதியும் இல்லை, மேலே தகரக் கூரை, பக்கத்தில் மீன் தொட்டி லைட். விற்றமின் ஏயும் ஈயும் வெளிச்சத்திலும் சூட்டிலும் கெட்டுப்போகிற சாமான், அதற்காகத்தான் நாம் பெலட்டே வாங்குகிறோம், அதையே வெயிலில் காயப்போட்டு விற்றால் நாம் வாங்குவது விலை கூடிய பிஸ்கட் தூள்தானே. அசல் மூட்டையைக் காட்டச் சொன்னேன், முடிந்துவிட்டது என்றார். 2022 இல் டொலர் இல்லாமல் இறக்குமதி நின்று, தீன் வகைகள் காணாமல் போன காலத்தில் இந்த உடைத்துக் கட்டும் பழக்கம் தேவையாக இருந்திருக்கலாம், இப்போது அப்படி ஒன்றுமில்லை. முத்திரை உடையாத பைக்கற் வந்தால் மட்டும் வாங்குங்கள், திகதியைப் பாருங்கள், பல வர்ணத்தில் கலர் அடித்ததைத் தவிருங்கள். நிறத்தால் பறவைக்கு ஒரு பயனுமில்லை, எச்சத்தின் நிறம் மாறி நோய் வந்ததா இல்லையா என்று நமக்குத்தான் குழப்பம்.

பெலட்டுக்கு மாற்றுவதென்றால் ஒரே நாளில் விதையை எடுத்துவிட்டுப் பெலட்டை வைக்காதீர்கள். பசி வந்தால் தின்னும் என்பது நாய்க்குட்டிக் கணக்கு. விதையே தின்று வளர்ந்த பட்ஜிக்குப் பெலட் சாப்பாடு என்றே தெரியாது, பக்கத்தில் வைத்துக்கொண்டே பட்டினி கிடந்து சாகும். விதையோடு கொஞ்சம் தூளாக்கிக் கலந்து, கிழமைக்குக் கிழமை கூட்டி, ஒன்றிரண்டு மாதம் எடுத்துச் செய்கிற வேலை. இடையில் பறவையை நிறுத்துப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். எங்கள் கொக்கட்டியல் ஒருவழியாகப் பழகிவிட்டது, தண்ணீரில் நனைத்துத் தின்னும். பட்ஜிகள் இரண்டும் இன்னும் பெலட்டை உதைத்து விளையாடுகின்றன. அதனால் அதுகளுக்கு விதையும் முளைவிட்டதும் இலைகளும்தான் முக்கியச் சாப்பாடு, பெலட் பேருக்கு.

இனி அந்த மேசை. விதை வாங்கி முடிந்ததும் நானா ஒவ்வொன்றாக எடுத்து வைப்பார், பல் கூடத் தெரியாமல் சிரித்துக்கொண்டே. விற்றமின் சொட்டு மருந்து, குடிதண்ணீரில் நாலு சொட்டு. பட்ஜி ஒரு நாளைக்குக் குடிப்பதே ஒரு தேக்கரண்டித் தண்ணீர் அளவு, அதில் எவ்வளவு போகிறது என்று யாருக்குத் தெரியும்? தண்ணீரின் ருசி மாறினால் குடிப்பதையே நிறுத்திவிடும், நம்மூர்ச் சூட்டில் இனிப்புக் கலந்த தண்ணீர் மத்தியானத்துக்குள் வழுவழுத்துக் கிருமி கட்டிவிடும். பெலட் தின்கிற பறவைக்கு இதையும் கொடுத்தால் விற்றமின் ஏ அளவுக்கு மிஞ்சும், அது மிஞ்சினாலும் நஞ்சுதான்.

அடுத்தது மணல், சின்னக் கல்லுத்தூள். "செமிக்கிறதுக்கு தம்பி" என்பார். புறாவுக்கு வேண்டும், புறா தானியத்தைத் தோலோடு விழுங்கும், இரைப்பையில் அரைக்கக் கல் வேண்டும். கிளி தோலை உரித்துவிட்டுத்தானே தின்கிறது. கூடுதலாகத் தின்று இரைப்பையில் அடைத்துக்கொண்ட பறவைகள்தான் உண்டு. இதைச் சொன்னதும் நானா கோபிக்கவில்லை, "புறாக்காரர் கேக்கிறார், குருவிக்காரருக்கும் எடுத்து வைப்பன், வேணாமெண்டா வேணாம்" என்றார். நேர்மையான பதில்.

தேன் குச்சி என்பது விதையைச் சீனிப்பாகில் ஒட்டியது, வர்ணக் கடதாசியில் சுற்றி வரும், பிள்ளைகள் கேட்டு அழுவார்கள். வேண்டாம். அயடின் கட்டை மட்டும் வாங்கலாம், இளஞ்சிவப்பாக இருக்கும், விதையே பிரதானமாகத் தின்கிற பட்ஜிக்கு அது பயன்படும், விலையும் பெரிதில்லை.

கல்சியத்துக்காகப் பறவை சுரண்டித் தின்கிற கணவாய் ஓடும் கடையில் விற்கிறார்கள், பளபளப்பான அட்டையில் வைத்துப் பொலித்தீன் ஒட்டி, கம்பியில் மாட்டக் கொழுவியோடு. திருகோணமலையில் இருந்துகொண்டு கணவாய் ஓட்டைக் காசு கொடுத்து வாங்குவது எனக்கு மனம் வராத காரியம். மீன் சந்தையில் கணவாய் துப்பரவாக்குகிற இடத்தில் கேட்டால் சும்மா தருவார்கள், குப்பைக்குப் போகிறதுதானே. டச் பே கடற்கரையில் காலையில் நடந்தால் வெள்ளை வெளேரென்று ஒதுங்கிக் கிடக்கும். எண்ணெய் வாடை அடிப்பதையும் கறுத்துப்போனதையும் எடுக்க வேண்டாம். கொண்டுவந்து நல்ல தண்ணீரில் ஊறவைத்து, தண்ணீரைத் தினமும் மாற்றி, உப்பும் மீன் நாற்றமும் போனதும் ஒருதரம் கொதிக்கவைத்து, வெயிலில் காய்ந்து சொரசொரவென்று வரும் வரை போட்டுவிட வேண்டும். பிறகு கம்பியில் கட்டும்போது பஞ்சு போன்ற மெதுவான பக்கம் பறவையைப் பார்த்தபடி இருக்கட்டும், கடினமான முதுகுப் பக்கத்தைப் பட்ஜியின் அலகு அவ்வளவு எளிதில் உடைக்காது. எங்கள் பெட்டைப் பட்ஜி முட்டைக் காலத்தில் இதைச் சுரண்டுகிற சத்தம் பக்கத்து அறை வரை கேட்கும், கீழே வெள்ளை மாவாகக் கொட்டிக் கிடக்கும், ஓட்டின் நடுவில் சின்னச் சின்னப் பிறை பிறையாக அலகின் தடம். ஆண் பட்ஜி திரும்பிக்கூடப் பார்க்காது. கல்சியம் உடம்பில் சேர விற்றமின் டி வேண்டும், அதற்குக் காலை வெயில் நேரடியாகப் பட வேண்டும், கண்ணாடி யன்னலுக்குள்ளால் வருகிற வெயிலில் அந்தக் கதிர் வராது. கூட்டைத் திண்ணைக்கு எடுங்கள், பாதிக் கூட்டுக்கு நிழல் இருக்கட்டும், காகத்தையும் பூனையையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

இலைதான் இந்தச் சாப்பாட்டின் உயிர்நாடி, அது எந்தக் கடையிலும் பைக்கற்றில் வராது. வளவில் முருங்கை நிற்கிறவர்களுக்குப் பாதிப் பிரச்சினை முடிந்தது: விற்றமின் ஏயாக மாறுகிற சத்தும் கல்சியமும் ஒரே இலையில். ஒரு கொப்பை முறித்து அப்படியே கூட்டுக்குள் தொங்கவிட்டால் தின்கிறதும் பிய்க்கிறதும் ஊஞ்சலாடுவதுமாக அரைநாள் போய்விடும். வல்லாரையைக் கழுவி ஈரத்தோடு வைத்தால் பட்ஜிகள் முதலில் அதில் குளிக்கும், இலையின்மேல் வயிற்றைத் தேய்த்து, இறக்கையைச் சிலிர்த்து, நனைந்த கோழிக்குஞ்சு மாதிரி ஆகி, அதன் பிறகுதான் ஓரத்தைக் கடிக்கும். பசளிக் கீரை தினமும் வேண்டாம், அதிலுள்ள ஒக்சலேட் கல்சியத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். கரட்டைத் துருவியும், பூசணியை விதையோடும், வற்றாளங்கிழங்கை அவித்து ஆறவைத்தும் கொடுக்கலாம், மஞ்சளும் செம்மஞ்சளுமாக இருப்பதிலெல்லாம் விற்றமின் ஏக்கான சரக்கு உண்டு. சிவந்த கொச்சிக்காயைக் கொடுத்துப் பாருங்கள், கொக்கட்டியல் விதையோடு மென்று தின்னும், உறைப்பே தெரியாது. நமக்கு நாக்கில் எரிவைக் கொடுக்கிற பொருள் பறவையின் நரம்பில் வேலை செய்வதில்லை.

பழத்தில் பப்பாசி, கொய்யா, மாம்பழம் எல்லாம் நகக்கண் அளவு, கிழமைக்கு இரண்டு மூன்று தரம் போதும், சீனிதான் அதில் கூட. சந்தை இலைக்கு மருந்தடித்திருப்பார்கள், ஓடுகிற தண்ணீரில் இலை இலையாகக் கழுவ வேண்டும். கச்சான் காற்று அடிக்கிற மாதங்களில் வெட்டிய மரக்கறியும் முளைப்பயறும் இரண்டு மணித்தியாலத்தில் புளித்துவிடும், காலை வெயில் ஏறுமுன் வைத்து எடுத்துவிடுங்கள். புதுச்சாமானைப் பார்த்து முதலில் பயப்படும், தூரப் போய் உட்காரும். அதற்காக நிறுத்திவிடக் கூடாது, தினமும் வைக்க வேண்டும், ஒருநாள் தானாக வந்து கடிக்கும். நீங்கள் கூட்டுக்கு முன்னால் நின்று அதே கரட்டைக் கடித்தால் இன்னும் சீக்கிரம் வரும், விளையாட்டாகச் சொல்லவில்லை, கூட்டமாகத் தின்கிற பறவை இது.

கொடுக்கக் கூடாததை நானா கடைச் சுவரில் எழுதி ஒட்டினால் புண்ணியமாகப் போகும். முதலாவது அவகாடோ, இலையும் பழமும் கொட்டையும் எதுவுமே ஆகாது, அதிலுள்ள பேர்சின் என்கிற பொருள் சின்னப் பறவையின் இதயத்தைத் தாக்கும். சொக்லேட், கோப்பி, வெங்காயம், உள்ளி, அப்பிள் விதை எதுவும் வேண்டாம். உப்புக் கச்சானும் மிக்சரும் வேண்டாம். உப்பில்லாத கச்சானாவது கொடுக்கலாமா என்றால், பூஞ்சணம் பிடித்த கச்சானில் வருகிற அஃப்லாடொக்சின் ஈரலைத் தின்றுவிடும், வெளியில் பார்த்துத் தெரியாது, அதனால் எங்கள் வீட்டில் இல்லை. எங்கள் வீட்டில் பெரிய சண்டை அம்மம்மாவோடுதான். தேத்தண்ணியில் தோய்த்த மாரி பிஸ்கட்டை விரலால் கம்பிக்குள் நீட்டுவார், கொக்கட்டியலும் தலையைச் சாய்த்து வாங்கும். "அம்மம்மா, அதுக்கு தேத்தண்ணி ஆகாது, குடுக்காதீங்க" என்றால், "நான் குடிச்சு எண்பது வயசாச்சு, எனக்கு என்ன வந்தது" என்பார். அவருக்கு ஐம்பது கிலோ, அதற்குத் தொண்ணூறு கிராம் என்று விளக்கினேன். இப்போது முருங்கைக் கொப்பைக் கட்டுகிற வேலையை அவரிடமே கொடுத்தாயிற்று, கை சும்மா இருந்தால்தானே பிஸ்கட்.

இப்போது எங்கள் வீட்டில் நடப்பது இதுதான். காலையில் கூட்டைத் திறந்ததும் இலையும் மரக்கறியும், பசியோடு இருக்கிற நேரத்தில்தான் அதைத் தொடும். அதை எடுத்த பிறகு விதை, பட்ஜி ஒன்றுக்கு ஒன்றரைத் தேக்கரண்டியிலிருந்து இரண்டுக்குள், கொக்கட்டியலுக்கு பெலட்டும் விதையுமாக ஒரு மேசைக்கரண்டி. முளைவிட்ட பயறோ தினையோ ஒன்றுவிட்டு ஒருநாள். அவித்த முட்டையை ஓட்டோடு மசித்து கிழமைக்கு ஒருதரம், இறகு உதிர்க்கிற காலத்தில் இரண்டுதரம். முட்டையைத் தினமும் கொடுத்தால் பெட்டைக்கு முட்டையிடுகிற எண்ணம் வந்துவிடும், கூட்டில் பெட்டி இல்லாவிட்டாலும் இடத் தொடங்கும், பிறகு கல்சியத்துக்கு ஓட வேண்டியதுதான். சமையலறைத் தராசில் கிழமைக்கு ஒருதரம் ஏற்றி இறக்குகிறோம். பத்தில் ஒரு பங்கு எடை குறைந்தால் எதோ சரியில்லை, இறகைச் சிலிர்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் வரை காத்திருக்கக் கூடாது, பறவை நோயைக் கடைசி வரை மறைக்கும்.

அந்த நேரத்தில் தயவுசெய்து தீன் கடைக்கு ஓடாதீர்கள். கடையில் மஞ்சள் நிறத்தில் ஒரு நுண்ணுயிர்க்கொல்லிப் பொடி உண்டு, எதைச் சொன்னாலும் அதுதான் மருந்து, தும்மினாலும் அது, எச்சம் இளகினாலும் அது. நேற்று வல்லாரை தின்ற பறவையின் எச்சம் தண்ணீராகத்தான் இருக்கும், அது நோயே இல்லை. தேவையில்லாத இடத்தில் அந்தப் பொடியைக் கொடுத்தால் குடலில் இருக்கிற நல்ல கிருமியும் செத்து, பூஞ்சணம்தான் மிஞ்சும். முதலில் இங்கே அரசாங்க மிருக வைத்தியர் கந்தோருக்குக் கொண்டுபோய்க் காட்டுங்கள், அவர்களுக்கு மாடும் ஆடும்தான் கூட என்றாலும் பார்த்துச் சொல்வார்கள். பெரிய சிக்கல் என்றால் பேராதனைப் பல்கலைக்கழக மிருக வைத்திய போதனா வைத்தியசாலை இருக்கிறது, தூரம்தான், கூட்டை மூடி இருட்டாக்கிக் கொண்டுபோனால் பறவை அவ்வளவு பயப்படாது.

கடையைப் பற்றி மிச்சம் இரண்டு சொல்: வெள்ளிக்கிழமை மத்தியானம் ஜும்மாவுக்கு மூடுவார்கள், சனிக்கிழமை காலையில் புறாக்காரர்கள் கூட்டம், அந்த நேரம் போனால் நானாவோடு நின்று பேச முடியாது. கார்ட் எடுக்கமாட்டார்கள். மூதூர், கிண்ணியாப் பக்கம் இருப்பவர்களுக்குச் சொல்லிவைத்தால் பஸ்ஸில் போட்டுவிடுவார்கள், ஆனால் விதையைக் கையால் தொட்டுப் பார்க்காமல் வாங்குவது எனக்குப் பிடிக்காது. கிண்ணம் வாங்குவதென்றால் எவர்சில்வர் எடுங்கள், நாகம் (சிங்க்) பூசிய தகரக் கிண்ணம் மலிவாகத் தொங்கும், கிளி அதைக் கடித்துக் கடித்து நாகம் வயிற்றுக்குள் போய் நஞ்சாகும். மாரி தொடங்கினால், ஐப்பசியிலிருந்து தை வரை, ஒரு கிலோவுக்கு மேல் வாங்க வேண்டாம். அந்தக் காற்றில் மூட்டையே ஈரம் குடிக்கும், வீட்டுக்கு வந்ததும் அந்துப்பூச்சி வராமல் இருக்கச் சில நாள் ஃப்ரீசரில் வைத்து, பிறகு இறுக்கி மூடுகிற போத்தலில் போட்டுக்கொள்ளுங்கள். விதைக்கு ஐந்துக்கு நாலரை கொடுக்கிறேன், உடைத்துக் கட்டிய பெலட்டுக்கு ஒன்று, நானாவின் பேச்சுக்கு நாலு.